களமா, தோப்பா, அறுத்த வயலா? செட்டிநாட்டுத் தோட்டத்தில் இசை விழாவுக்கு மேடை போட ஏற்ற இடம்

குடும்பத்துக்குச் சொந்தமான ஐந்தாறு ஏக்கர். 300 முதல் 400 பேர் வரை உட்கார்ந்து கேட்கும் இரண்டு மாலை நிகழ்ச்சி. ஒரு பறைக் குழு, ஒரு நாகசுரம் தவில் செட், சொந்தப் பாட்டு பாடும் இரண்டு மூன்று இளைஞர் குழு, முடிவில் ஒரு வீணைக் கச்சேரி. இந்த அளவுள்ள விழாவைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பெரும்பாலும் பாடுகிறவர்களை முதலில் பேசி முடித்து, நோட்டீஸும் அடித்துவிட்டுத்தான் மேடை எங்கே என்று தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும். எத்தனை பேரைக் கூப்பிடலாம், எந்த மாதம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு சத்தம் என்ற நான்கு கேள்விக்கும் மேடை நிற்கிற இடம்தான் பதில் சொல்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர், பொன்னமராவதி சுற்று வட்டாரத்தில் ஒரு தோட்டம் என்றால் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். பள்ளத்தில் கண்மாய்ப் பாசன நஞ்சை, செம்மண் மேட்டில் மாவோ முந்திரியோ தென்னையோ, வீட்டை ஒட்டி ஒரு சிமெண்ட் களம். ஆகவே தேர்வும் இந்த மூன்றுக்குள்தான். கண்மாய்க் கரை அழகாக இருக்கிறதே என்று பலருக்கும் ஆசை வரும். அதை இப்போதே தள்ளிவிடலாம். கண்மாய் உங்கள் நிலம் இல்லை. அதன் பாசனப் பரப்பான ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையினுடையது, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. அதோடு, இரவில் நீர்ப்பரப்பின் மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு போய் அக்கரை ஊரின் வாசலில் இறங்கும். வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம் தோட்டம் இருந்தால் கண்மாய்க்கு அருகில் மைக்கே வேண்டாம். அங்கே பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று தீபாவளிக்குக்கூட ஊர் வெடி வெடிப்பதில்லை.

களம்

களத்தின் முதல் நன்மை தரை. மழை பெய்து ஓய்ந்தாலும் அரை மணியில் கூட்டித் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கலாம். லாரி நேராக வந்து நிற்கும். வீட்டிலிருந்து தண்ணீர், கழிப்பறை, சமையல் எல்லாம் இருபது எட்டு தூரத்தில்.

இடம்தான் போதாது. 60 அடிக்கு 40 அடிக் களம் என்றால் 2,400 சதுர அடி. 20 அடிக்கு 12 அடி மேடை, அதற்கு முன் ஆறடி காலியிடம், இரண்டு பக்கமும் நடைவழி எல்லாம் போக 1,600 சதுர அடி மிஞ்சும். பாயில் சம்மணம் போட்டு உட்கார ஆளுக்கு 8 சதுர அடி. ஆக 200 பேர். அதற்கு மேல் ஒருவரைக் கூப்பிட்டாலும் நெரிசல்தான்.

அடுத்தது சுவர். மேடையில் வாசிப்பவர் முகம் வீட்டுச் சுவரைப் பார்த்திருந்து, சுவர் 20 மீட்டரில் இருந்தால், சத்தம் போய்த் திரும்ப 115 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். தவிலின் ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டாகக் கேட்கும். வாசிப்பவருக்கே தாளம் தடுமாறும். மேடையின் முதுகு சுவரில் படும்படி வைத்து, ஒலியை வெளிப்பக்கம் அனுப்புங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். சிமெண்ட் தரை மாலை ஐந்து மணி வரை சுடும் என்பதால் நான்கு மணிக்கே தண்ணீர் தெளிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் களம் காலியாகக் கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். தை முழுக்க நெல் வந்துகொண்டேதான் இருக்கும்.

200 பேருக்குள், பேஸ் (கனத்த கீழ்ஸ்தாயி ஒலி) அதிகம் இல்லாத கச்சேரி என்றால் களமே சிறந்தது. மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

தோப்பு

படத்தில் தோப்புதான் ஜெயிக்கும். தேர்வில் பெரும்பாலும் தோற்கும். மேடையை மறைக்கும் அடிமரங்கள் ஒரு காரணம். மாசியில் மாமரம் பூவும் பிஞ்சுமாக நிற்பது இன்னொரு காரணம். பூவுக்குத் தத்துப்பூச்சி மருந்து அடித்த தோப்பில் அடுத்த இரண்டு வாரம் கூட்டத்தை உட்கார வைக்கக் கூடாது. விளக்கைக் கிளையில் கட்டினால் முசுறு எறும்புக் கூடு கலைந்து தலையில் கொட்டும். தென்னை என்றால் ஒரு வாரம் முன்பே காய், காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். கூடார முளை அடிக்கும்போது அரையடி ஆழத்தில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை விழும். முந்திரித் தோப்புக்குள் அடுப்போ பீடி நெருப்போ போகவே கூடாது. கீழே கிடக்கும் சருகு அவ்வளவு சீக்கிரம் பற்றும்.

இடையில் பத்து வரிசை மரம் இருக்கிறது, சத்தம் ஊருக்குப் போகாது என்றும் நம்ப வேண்டாம். மரம் உச்சஸ்தாயியைக் கொஞ்சம் கலைக்கும், அவ்வளவுதான். பேஸ் அப்படியே ஊடுருவிப் போகும்.

தோப்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். திறந்த வெளியில் இரவு எட்டரை மணிக்கு மேல் சவுண்ட் மிக்ஸரின் மேல்மூடியைத் தடவிப் பார்த்தால் விரல் நனையும். மரக் குடையின் கீழ் அந்தப் பனி இறங்காது. அதனால் மேடையை வேறு எங்கே போட்டாலும், வாத்தியங்களை வைக்கவும், கலைஞர்கள் ஓய்வெடுக்கவும், சாப்பாட்டுப் பந்திக்கும், ராத்தங்குகிறவர்களின் கூடாரத்துக்கும் தோப்பை ஒதுக்குங்கள். பத்து மணிக்கு மேல் மைக் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பாடவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அறுத்த வயல்

200 பேரைத் தாண்டிவிட்டால் எங்கள் தேர்வு வயல்தான். ஆனால் எந்த வயல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரையை ஒட்டி, மடைக்குப் பக்கத்தில் இருக்கிற வயல் வேண்டாம். கண்மாயில் தண்ணீர் நிற்கிற வரை அங்கே கசிவு இருக்கும். மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் குதிகாலை அமுக்கினால் ஈரம் தட்டும். கடைமடை வயலைப் பாருங்கள். தண்ணீர் கடைசியில் வந்து முதலில் வடிகிற இடம் அது. விவசாயத்துக்கு அது குறை, விழாவுக்கு வரம். சோதிப்பது சுலபம். அரையடி ஆழத்தில் கடப்பாரையால் மண்ணைக் கிளறி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருண்டையாக இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் மேடை போடலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் பத்து நாள் காயட்டும். பிறகு பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை ஒருமுறை குறுக்கே ஓட்டிப் பாருங்கள். சக்கரத் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதிந்தால் சவுண்ட் லாரியை உள்ளே விடாதீர்கள். மாட்டினால் இழுத்து வெளியே எடுப்பதற்குள் வயல் பாழாகிவிடும்.

400 பேருக்கு 20 சென்ட் வேண்டும். 66 அடிக்கு 132 அடி என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். இங்குள்ள வயல்கள் சிறியவை என்பதால் அடுத்தடுத்த இரண்டு வயலைச் சேர்க்க வேண்டி வரும். வரப்பை வெட்டாதீர்கள். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் அரையடி முதல் ஓரடி வரை மட்டம் மாறும். தாழ்ந்த வயலில் மேடையும் முன்வரிசையும், மேட்டு வயலில் பின்வரிசையும் என்று வைத்தால் படிக்கட்டு கட்டாமலேயே பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியும். வரப்பு மட்டும் இருட்டில் காலை வாரும். அதன் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு இடத்தில் மண் மூட்டை அடுக்கிப் படி அமைத்து, அங்கே ஒரு விளக்கும் கட்டுங்கள்.

அறுவடை முறையையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மெஷின் அறுத்த வயலில் நெல் தாள் ஓரடி உயரம் நிற்கும், சக்கரப் பள்ளமும் இருக்கும். விழாவுக்கு ஒதுக்கும் அந்த 20 சென்ட்டை மட்டும் அரிவாளால் தரையோடு அறுக்கச் சொல்லுங்கள். கூலி கூடினாலும் பிறகு வரும் வேலை மிச்சம். ரோட்டவேட்டர் ஓட்டிச் சமன் செய்யலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்தால் 400 பேர் நடக்கும்போது எழும் தூசியில் பாடுகிறவர் தொண்டை கட்டிவிடும். ஆட்டுக்கிடை போட்டுத் தாளை மேய வைப்பதும் விழாவுக்கு முன் கூடாது. புழுக்கை நாற்றமும் உண்ணியும் பாயில் உட்காருகிறவரை வதைக்கும். கிடை ஆடு வைத்திருக்கும் கீதாரியிடம் பேசி விழா முடிந்த மறுவாரம் கிடை போட ஏற்பாடு செய்யுங்கள். மண் வெடிப்புகளை அதே வயல் மண்ணால் நிரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் போதும். சரளை கொட்டினால் அடுத்த போகத்தில் வருந்துவீர்கள்.

வைக்கோல், தாள், பாய் எல்லாம் எரிகிற பொருள். 50 மீட்டருக்குள் வைக்கோல் போர் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். நெருப்பில் பறை காய்ச்சுகிறவர்களுக்கு மேடைக்குப் பின்னால் தாளைச் செதுக்கிய ஒரு பத்தடி வட்டம், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு கட்டாயம் வேண்டும்.

மேடை எந்தத் திசை பார்க்க வேண்டும்? மேடை மேற்கில் இருந்தால் கூட்டத்தின் கண்ணில் சாயங்கால வெயில். கிழக்கில் இருந்தால் வாசிக்கிறவர் கண்ணில். தெற்கிலோ வடக்கிலோ மேடை போடுவது நல்லது. ஊர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு முதுகு காட்டுவது அதைவிட முக்கியம். இரண்டும் மோதினால் வெயிலைப் பொறுத்துக்கொண்டு நிகழ்ச்சியை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள்.

ஊர் வரை போகும் சத்தம்

இதில் கணக்கு தெரியாமல் ஸ்பீக்கர் பெட்டி அடுக்கினால் விழா அடுத்த ஆண்டு நடக்காது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்வு தரலாம் என்று விதியில் இருக்கிறது. அதை நம்பி நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள்.

தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 15 மீட்டரில் 95 வைத்தால் 30-ல் 89, 60-ல் 83, 120-ல் 77, 240-ல் 71, அரைக் கிலோமீட்டரை நெருங்கும் 480 மீட்டரில் 65. சட்டத்தின் வரம்பைவிட பத்து அதிகம். அதே 15 மீட்டரில் 85 மட்டும் வைத்தால் 480 மீட்டரில் 55. உட்கார்ந்து கேட்கிற 400 பேருக்கு 85 தாராளம். எட்டு மணிக்கு மேல் தரையோரக் காற்று குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது மேலே போகிற சத்தமும் வளைந்து கீழே இறங்கும் என்பதால், சாயங்காலம் ஊரில் கேட்காத பாட்டு ராத்திரி தெளிவாகக் கேட்கும். அளவை எட்டு மணிக்கு ஒருமுறை ஊர் எல்லையில் நின்று பாருங்கள்.

மேடையில் இரண்டு பக்கமும் பெரிய அடுக்கு வைப்பதா, சிறிய பெட்டிகளைப் பரப்பி வைப்பதா? இரண்டாவதே சரி. மேடையோரம் ஒரு ஜோடி, 20 மீட்டர் தள்ளி நடுவயலில் இன்னொரு ஜோடி. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் போகிறது. 20 மீட்டர் போக 58 மில்லி செகண்ட். நடு ஜோடிக்கு அந்த 58-உடன் பத்து சேர்த்து 68 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால், பின்வரிசைக்கும் பாட்டு மேடையிலிருந்தே வருவது போல இருக்கும். தாமதம் கொடுக்க மறந்தால் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டை.

பேஸுக்கான சப் ஊஃபர் பெட்டி இரண்டு வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றன் முன் ஒன்றாக 1.44 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். முன்பெட்டிக்கு மட்டும் 4.2 மில்லி செகண்ட் தாமதம். 60 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் அந்த இடைவெளி. கூட்டத்தின் பக்கம் இரண்டு அலையும் சேர்ந்துகொள்ளும். மேடைக்குப் பின்னால், ஊர்ப் பக்கம், ஒன்றை ஒன்று அடித்துவிடும். மைக் செட்காரர் தயங்கினால் மத்தியானமே போட்டுக் காட்டச் சொல்லி, மேடைக்குப் பின்னால் ஐம்பது எட்டு நடந்து பாருங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

மின்சாரம்

பம்புசெட்டின் இலவச மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். விவசாயத்துக்குத் தந்த இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. கையெழுத்து யாருடையதோ அவர் தலையில்தான் அபராதம் விழும். தற்காலிக இணைப்பு வாங்கலாம். ஆனால் வயல்காட்டுக் கடைசிக் கம்பத்தில் பக்கத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கும். களத்தில் சின்னக் கச்சேரி என்றால் தற்காலிக இணைப்பு போதும், வயலுக்கு ஜெனரேட்டர்தான்.

சவுண்டுக்கு 8 கிலோவாட், மேடை விளக்கு 4, பாதை விளக்கு 4, சமையல்கட்டுக்கு 3, ஆக 19. இதற்கு 40 கேவிஏ ஜெனரேட்டர் வண்டி சரியான அளவு, ஏறத்தாழ 60 சதவீதப் பளுவில் ஓடும். 125 கேவிஏ சும்மா நிற்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாடகைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பளு குறைவாக ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத எரிபொருள் தங்கிக் கரி பிடிக்கும், டீசலும் வீண். ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்று யூனிட் என்றால் மணிக்கு 6 முதல் 7 லிட்டர். ஒரு மாலைக்கு 7 மணி நேரம் வீதம் இரண்டு நாளுக்கு 100 லிட்டர் கையிருப்பு வேண்டும். மூடியுள்ள சைலண்ட் வண்டியே ஒரு மீட்டரில் 75 டெசிபல் இருக்கும். மேடைக்குப் பின்னால் 60 மீட்டர் தள்ளி, காற்று கூட்டத்தின் பக்கம் வீசாத மூலையில் நிறுத்தி, 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளில் கொண்டு வாருங்கள்.

காய்ந்த செம்மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. இரண்டு குழி, ஒவ்வொன்றிலும் ஜிஐ பைப், கரி, உப்பு. விழாவுக்கு நான்கு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, 5 ஓமுக்குக் கீழே வந்துவிட்டதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் முனையை அவரே ஒவ்வொரு மாலையும் இறுக்கட்டும். அது கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரும், மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே நொடியில் போய்விடும். மேடைக்குப் போகும் லைனில் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் யாரும் மைக்கைத் தொடக் கூடாது. பனியில் நனைந்த கையும் வெறுங்காலும் சேரும் இடம் அது. விளக்கு தொங்கவிடும் மேடைச் சட்டமான ட்ரஸ்ஸை, வயலுக்கு மேலே தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழேயோ பக்கத்திலேயோ நிறுத்தாதீர்கள். ட்ரஸ் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்.

மாதம்

ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் கலைஞர்கள் சென்னையில் இருப்பார்கள், வயலில் பயிர் நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது சாமியானா எம்மாத்திரம். மிஞ்சுவது தைக் கடைசி, மாசி முன்பாதி. அதற்குள்ளும் தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம், மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் என்று ஊரே கிளம்பிவிடும். பாத்திரக்கடை, சமையல்காரர், மைக் செட், வண்டி எதுவும் கிடைக்காது. 2024-ல் தைப்பூசம் ஜனவரி 25, சிவராத்திரி மார்ச் 8. இடையில் ஆறு வாரம் இருந்தது. 2025-ல் பிப்ரவரி 11, பிப்ரவரி 26, இரண்டே வாரம். பஞ்சாங்கத்தை முதலில் விரித்து, முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு தொடங்கிவிட்டால் எந்த ஊரும் மைக்குக்குச் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

பனிக்கு ஏற்பத்தான் நிரலும் அமைய வேண்டும். தோல் வாத்தியம் பனியில் தளரும். பறை, தவில் ஆறு முதல் எட்டுக்குள் முடியட்டும். எட்டு முதல் ஒன்பது வரை இளைஞர் குழுக்கள். வீணையை மாலை வெயிலில் மேடையில் வைக்காதீர்கள், மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகிவிடும். ஒன்பது மணிக்கு, ஊர் அடங்கியபின், துணிப் பந்தலின் கீழ் அது வரட்டும். ஒன்பதே முக்காலுக்கு மைக்கை அணைத்துவிடுங்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு வேலை பாக்கி இருக்கும். தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு இருந்தால், சுற்றிலும் பத்தடி தள்ளிச் சவுக்குக் கம்பு நட்டு மூன்று வரிசை கட்டி, இரவு முழுக்க எரியும் விளக்கு ஒன்றும் ஓர் ஆளும் போடுங்கள். பாம்புக்கடிக்கு மருந்து காரைக்குடி அரசு மருத்துவமனையில் இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அறுத்த வயலில் எலி இருக்கும், எலி இருந்தால் விரியனும் வரும். இன்னொன்று ஊர். ஊர்த் தலைவரான அம்பலகாரரையும் பக்கத்து வயல்காரர்களையும் ஒரு மாதம் முன்பே வெற்றிலை பாக்கோடு போய்ப் பாருங்கள். கோயிலில் காப்புக் கட்டும் நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழா நாளில் ஊரில் துக்கம் விழுந்தால் எடுக்கிற வரை மைக் கிடையாது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதற்கென்று தோப்பில் மைக் இல்லாத இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்று தயாராக இருக்கட்டும்.

விழா முடிந்த மறுநாள் காலை, பந்தல் பிரித்த கையோடு, கயிற்றில் கட்டிய பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை வயல் முழுக்க இழுத்து ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். கேபிள் டையைக் கையால்தான் பொறுக்க வேண்டும், காந்தத்தில் ஒட்டாது. அதற்கு அப்புறம்தான் கிடைக்கு ஆடு இறங்க வேண்டும், கிடை கிளம்பியபின் கோடை உழவு.